கடல் ஏறி இறங்கிய கணக்கு: எடுவார்ட் சூஸ்

வியன்னா மக்கள் அசுத்தமான கிணற்று நீரைக் குடித்துத் தைபோயிட் காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்த காலம் அது. நகரின் மண்ணையும் கிணறுகளையும் ஆராய்ந்து 1862இல் நூல் எழுதினார் எடுவார்ட் சூஸ். எழுதியதோடு நிற்கவில்லை. நகரசபைக்குள் நுழைந்து வாதாடி, தொலைவிலுள்ள மலையூற்று நீரை 1873இல் குழாய்வழி நகருக்குக் கொண்டுவரச் செய்தார். பீலித் தண்ணீருக்காகக் குடத்துடன் காத்திருக்கும் எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு இதன் பெறுமதியை எவரும் விளக்கத் தேவையில்லை.

1831இல் இலண்டனில் பிறந்த இவர், 1848 புரட்சியில் மாணவராகக் கலந்துகொண்டவர்; பின்னர் சிறையும் கண்டவர். கலாநிதிப் பட்டம் இல்லாமலே 1857இல் வியன்னாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பெறுபேற்றை நினைத்துத் தூக்கம் தொலைக்கும் நமக்கு இது சிறிய ஆறுதல்!

1883 முதல் 1909 வரை பூமியின் முகம் பற்றிப் பெருநூல் எழுதினார். இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் நிலக்கரிப் படைகளோடு ஒரேவகைத் தாவரச் சுவடுகள் கிடைத்தன. ஆகவே இவை முன்பு ஒரே நிலமாக இருந்தன என்று கருதி, அதற்குக் கொண்டுவானா நிலம் எனப் பெயரிட்டார். இடையிலிருந்த நிலம் கடலில் மூழ்கியது என்று அவர் நினைத்தது தவறு. கண்டங்களே விலகிச் சென்றன. நமது இலங்கையும் அதன் ஒரு துண்டுதான். ஆனால் சப்ரகமுவ மலைகளில் நிலக்கரி தேடிப் பயனில்லை. அந்தக் காடுகள் வளர்வதற்கு வெகுகாலம் முன்பே இப்பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறிவிட்டன.

1888இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில்தான் அவருடைய மிகப் பெரிய சிந்தனை இருக்கிறது. நிலம் ஓரிடத்தில் உயரலாம், இன்னோரிடத்தில் தாழலாம். கடல்களோ ஒன்றோடொன்று இணைந்தவை. நீர்மட்டம் மாறினால் எல்லாக் கரைகளிலும் ஒன்றாகவே மாறும்.

இதற்கும் நிலக்கரிக்கும் என்ன தொடர்பு? கரையோரச் சதுப்புக் காடுகள் புதைந்து நிலக்கரியாகின. கடல் ஏறியபோது அவற்றின்மேல் சிப்பிகள் கலந்த சேறு படிந்தது. கடல் இறங்கியதும் மீண்டும் சதுப்பு, மீண்டும் காடு. நிலக்கரிப் படையின் தடிப்பு இடத்துக்கிடம் வேறுபடும். அதை வைத்துத் தூரத்திலுள்ள இரு வடிநிலங்களை ஒப்பிட முடியாது. கடல் ஏறிய அடையாளமான சிப்பிப் படையோ இரண்டிலும் ஒரே காலத்தைக் காட்டக்கூடும். உள்ளூர் நிலத்தாழ்வைப் பிரித்தறிவதுதான் கடினம்.

சூஸ் 1914இல் காலமானார். 1936இல் அமெரிக்கரான வான்லெஸ், ஷெப்பர்ட் இருவரும் ஒரு விளக்கம் தந்தனர். கொண்டுவானாவில் பனிப்படலம் வளர்ந்தபோது கடல் இறங்கியது, உருகியபோது ஏறியது. அதனால்தான் வட அமெரிக்காவில் நிலக்கரியும் கடற்படிவும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. அப்பனி விட்டுச்சென்ற பாறைத்துண்டுகள் ஒடிசாவின் தால்ச்சீரில் 1856இலேயே இனங்காணப்பட்டிருந்தன. சூஸ் தனித்தனியே பெயரிட்ட நிலமும், தனித்தனியே விளக்கிய கடலும் இவ்வாறு அவர் மறைந்து 22 ஆண்டுகளின் பின் ஒரே கணக்கில் சேர்ந்தன.