மைரன் வின்சுலோ: புறப்பாடும் அகராதியும்

1862ஆம் ஆண்டு சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் வெளிவந்த தமிழ் - ஆங்கிலப் பேரகராதி, அதன் நெடிய தலைப்பால் அன்றித் தொகுத்தவர் பெயராலேயே இன்றும் சுட்டப்பெறுகிறது. 67,452 சொற்களைக் கொண்ட அந்நூலை ஆய்வாளர் வின்சுலோ என்றே வழங்குகின்றனர். நூலின் பெயராக ஒருவர் பெயர் நிலைத்துவிடும்போது அவருடைய வாழ்க்கை நூலுக்குப் பின்னே மறைந்துவிடுவது இயல்பு. வின்சுலோவைப் பொறுத்தவரை இம்மறைவு ஓர் ஆய்வுக் குறையையும் உண்டாக்கியுள்ளது. அகராதி ஒருவரின் தனி உழைப்பாகப் பேசப்படுகிறதேயன்றி, ஒரு குடும்பம் தன் ஊரை விட்டு நீங்கியதன் விளைவாக அது நோக்கப்படுவதில்லை. 1818, 1819ஆம் ஆண்டுகளில் நியூ இங்கிலாந்தில் நடந்த ஒரு புறப்பாட்டு ஆயத்தத்திலிருந்தே அவ்வகராதியின் வரலாற்றைத் தொடங்க வேண்டும்.

மைரன் வின்சுலோ அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து வில்லிசுடன் என்னும் ஊரில் 1789 டிசம்பர் 11 அன்று பிறந்தார். இளமையில் கடையொன்றில் கணக்கராகப் பணிபுரிந்து, பின் கனெக்டிகட் மாநிலத்து நாரிச்சு நகரில் சிறிது காலம் சொந்தமாக வணிகமும் நடத்தினார். சரக்கையும் தொகையையும் நாள்தோறும் நிரல்படப் பதிந்து வைக்கும் கடைக்காரப் பழக்கம் பிற்காலத்தில் சொற்களைப் பதிவதற்கும் உதவியிருக்கும் என்று கருதுவது மிகையாகாது. வணிகத்தைக் கைவிட்டு மிடில்பரி கல்லூரியில் சேர்ந்து 1815இல் பட்டம் பெற்றார்; ஆண்டோவர் இறையியல் பள்ளியில் 1818இல் படிப்பை முடித்தார்.

ஆண்டோவரின் இடம் இங்குச் சற்று விரித்துரைக்கத்தக்கது. மோசசு சுடூவர்ட் என்னும் பேராசிரியர் அங்கு எபிரேய மொழிக் கல்வியை வேரூன்றச் செய்திருந்தார். மூலமொழியின் ஒவ்வொரு சொல்லையும் வேரும் வழக்கும் நோக்கிப் பொருள் காணும் பயிற்சி அப்பள்ளியின் அடிப்படை. அதே பள்ளிதான் அயல்நாட்டுச் சமயப்பணி இயக்கத்தின் நாற்றங்காலாகவும் இருந்தது. 1810இல் அமெரிக்க அயலகச் சமயப்பணி வாரியம் தோன்றியதற்கு அதன் மாணவர்களே காரணர். 1812 பிப்ரவரியில் சேலம் நகரத்துத் தபர்னாக்கிள் தேவாலயத்தில் ஐவர் குருத்துவம் பெற்று இந்தியாவுக்குக் கப்பலேறினர். இந்தச் சேலம் மாசசூசெட்சு மாநிலத்தது. தமிழகத்துச் சேலத்தோடு மயங்கலாகாது. அவர்களுள் ஒருவருடைய மனைவி ஹாரியட் நியூவெல், கிழக்கிந்தியக் கும்பெனியாரால் கல்கத்தாவில் தங்க இசைவு மறுக்கப்பட்டு அலைந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே மொரீசியசுத் தீவில் 19 வயதில் இறந்தார். அவருடைய வரலாறு நூலாகி நியூ இங்கிலாந்துப் பெண்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டது. அதன்பின் கடல் கடக்க இசைந்த எந்தப் பெண்ணும் நேரக்கூடியதை அறியாமல் இசைந்தவள் அல்லள்.

வின்சுலோ வணிகம் செய்த நாரிச்சு நகரத்தவரே ஹாரியட் வாட்சுவர்த்து லாத்ரப். 1796இல் பிறந்த இவர், அந்நகரில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1818 நவம்பர் 4 அன்று, முன்னவர் குருத்துவம் பெற்ற அதே தபர்னாக்கிள் தேவாலயத்தில் வின்சுலோவும் லீவை இசுபால்டிங், என்றி உட்வர்டு, பிளினி பிசுக்கு ஆகியோரும் குருத்துவம் பெற்றனர். 1819 சனவரியில் வின்சுலோவுக்கும் ஹாரியட்டுக்கும் திருமணம் நடந்தது. சூன் மாதம் கப்பல். இடைப்பட்ட ஐந்து திங்கள்தாம் ஒரு மகள் தன் பிறந்தகத்தை விட்டு நீங்கும் ஆயத்தக் காலமாக அமைந்தன.

அவ்வாயத்தத்தின் தன்மையை இக்கால வெளிநாட்டுப் பயணத்தோடு ஒப்பிடல் பொருந்தாது. வாரியத்தின் பணிக்குச் சென்றவர் வாழ்நாள் முழுமைக்கும் சென்றவராகவே கருதப்பெற்றனர். திரும்பி வரும் நாள் குறிக்கப்படவில்லை. கடிதம் ஒன்று சென்று மறுமொழி வர ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். ஆகவே விடைபெறுதல் என்பது இறப்புக்கு முன்னரே நிகழும் ஒரு பிரிவாக இருந்தது. பெண்கள் சங்கங்கள் ஆடைகளைத் தைத்துக் கொடுத்தன; பெட்டிகள் நிரம்பின. வின்சுலோ தம் பங்குக்கு ஒரு நூலையும் ஆயத்தம் செய்தார். சமயப்பணி முயற்சிகளின் வரலாற்றைச் சுருக்கித் தாம் எழுதியதை 1819இல் ஆண்டோவரிலேயே அச்சிட்டார். தாம் எந்த மரபின் தொடர்ச்சியாகப் போகிறோம் என்பதை எழுதி அறிந்துகொள்ளும் முயற்சி அது.

அப்பெட்டிகளில் இல்லாதது தமிழ். எபிரேயமும் கிரேக்கமும் கற்றுத் தேர்ந்த ஒருவர், தம் வாழ்நாளை எந்த மொழிக்கு ஈடுவைக்கப்போகிறாரோ அம்மொழியில் ஓர் எழுத்தும் கற்காமலே புறப்பட்டார். அன்றைய நியூ இங்கிலாந்தில் தமிழ் கற்பிக்க ஆசிரியரோ கல்லூரியோ இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணம் சேர்ந்த டேனியல் பூர், மெய்க்சு, ரிச்சர்ட்சு, வாரன் ஆகியோரும் தமிழை அங்குச் சென்றபின்பே கற்றனர். எல்லா ஆயத்தமும் உண்டு, மொழி ஆயத்தம் மட்டும் இல்லை என்னும் இந்நிலையே பின்னர் அகராதித் தேவையாக உருவெடுத்தது.

1819 சூன் 8 அன்று பாசுடன் துறைமுகத்திலிருந்து இண்டசு என்னும் கப்பல் புறப்பட்டது. வின்சுலோ, இசுபால்டிங், உட்வர்டு ஆகிய மூவரும் அவர்தம் மனைவியரும் அதில் இருந்தனர். நியூயார்க்கில் நல்ல வருவாயுடன் மருத்துவம் பார்த்துவந்த ஜான் இசுகட்டரும் மனைவி, குழந்தையுடன் ஏறியிருந்தார். நோயாளி ஒருவரின் வீட்டில் காத்திருந்தபோது கண்ணிற்பட்ட ஒரு சிறு துண்டுநூலே அவரை இம்முடிவுக்குக் கொண்டுவந்தது. அக்கப்பலிலிருந்த ஒரே குழந்தை அவர்களுடையது. அக்டோபரில் கல்கத்தா சேர்ந்த சில நாளில் அது இறந்தது. இலங்கைக் கரையை இன்னும் அவர்கள் காணவில்லை.

வின்சுலோ இணையர் 1820இல் யாழ்ப்பாணத்தை அடைந்து உடுவிலில் குடியேறினர். ஐரோப்பியர் காலத்தில் கட்டப்பெற்றுப் பாழடைந்து கிடந்த தேவாலயமும் அதையொட்டிய மனையுமே அவர்களுக்கு வாய்த்த இடம். தமிழாசிரியர் ஒருவரை அமர்த்தி எழுத்திலிருந்து தொடங்கினர். பேச்சுவழக்கு ஒன்று, ஏட்டுவழக்கு ஒன்று என்ற இருநிலை, நூல்வழி மொழிகளை மட்டும் அறிந்தவருக்குப் புதிது. பிற்காலத்தில் தம் அகராதியின் தலைப்பிலேயே செந்தமிழ், கொடுந்தமிழ் இரண்டையும் வின்சுலோ குறித்ததற்குரிய வித்து உடுவில் திண்ணையிலேயே விழுந்தது எனலாம்.

ஹாரியட்டின் பணி வேறு திசையில் சென்றது. பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அக்காலத்து யாழ்ப்பாணத்தில் இல்லை. 1824இல் உடுவிலில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி அவர் பொறுப்பில் தொடங்கிற்று. படிப்பை முடிக்கும் வரை இருக்கும் மாணவியர்க்குச் சிறு சீதனமும் வழங்கப்பட்டது. சீதனம் இன்றி மணம் நிகழாத மண்ணில் அது நடைமுறை அறிந்த ஏற்பாடு. 1823இல் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற இளைஞர்க்கும் உடுவில் மாணவியர்க்கும் இடையே மணவுறவுகள் அமைந்து, படித்த குடும்பங்கள் உருவாயின. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் திகழ்ந்த சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் அச்செமினரி வழி வந்தவர்கள் என்பது தமிழ்ப் பதிப்புலகம் அறிந்தது.

துணைக்கு ஆள் வரவில்லை. 1820இல் அச்சுப்பொறி நடத்த அனுப்பப்பெற்ற அமெரிக்கர் ஒருவரை அன்றைய இலங்கைத் துணை ஆளுநர் எட்வர்டு பார்ன்சு தங்க விடவில்லை. அமெரிக்கச் சமயப்பணியாளர் எண்ணிக்கையைக் கூட்டவும் தடை இருந்தது. 1833 வரை இந்நிலை நீடித்தது. இண்டசுக் கப்பலில் வந்தவர்களும் அவர்க்கு முன் வந்தவர்களுமே பதின்மூன்று ஆண்டுகள் எல்லாப் பணியையும் சுமந்தனர்.

இக்காலத்தில்தான் இரண்டாம் புறப்பாடு ஒன்று நிகழ்ந்தது. இம்முறை திசை மாறியது. யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைகளைக் கல்வியின்பொருட்டு அமெரிக்காவுக்கு அனுப்பும் வழக்கம் பணியாளர் குடும்பங்களில் ஏற்பட்டது. தாய் தந்தையர் தம் வீட்டை விட்டு வந்தனர். பிள்ளைகளோ தாம் அறிந்த ஒரே வீட்டை விட்டுத் தாம் பார்த்திராத ஊருக்குச் சென்றனர். 1821இல் பிறந்த மூத்த மகன் சார்லசு லாத்ரப் வின்சுலோ அவ்வாறு அனுப்பப்பெற்றுப் பதினோரு வயதில், 1832இல், நியூயார்க்கில் இறந்தான். 1833 சனவரியில் ஹாரியட் உடுவிலில் மறைந்தார். பள்ளியை இசுபால்டிங் இணையர் ஏற்றனர். அப்பள்ளி இன்றும் உடுவில் மகளிர் கல்லூரியாக நடைபெறுகிறது.

தடை நீங்கியதும் நாரிச்சு லாத்ரப் வீட்டின் கதவு மீண்டும் திறந்தது. ஹாரியட்டின் தங்கையர் மூவர், ஒருவர் பின் ஒருவராகச் சமயப்பணியாளரை மணந்து யாழ்ப்பாணத்துக்கே வந்தனர். ஒரே வீட்டின் நான்கு மகளிர் ஒரே தீவுக்குச் சென்ற இச்செய்தி சமயப்பணி வரலாற்றில் உருக்கமான நிகழ்வாக மட்டுமே சொல்லப்பட்டுவருகிறது. தமிழ் அகராதியியலுக்கு அதிலுள்ள தொடர்பு கவனிக்கப்படவில்லை. தங்கையருள் ஒருவரான எலிசபெத்தின் கணவர் சாமுவேல் அச்சிங்சு, 1840களில் சென்னையில் வெளிவந்த ஆங்கில - தமிழ் அகராதியைத் திருத்திப் பதிப்பித்தவர். அவ்வகராதி நல்லூரில் பணியாற்றிய ஆங்கிலச் சமயப்பணியாளர் ஜோசப் நைட்டும் இசுபால்டிங்கும் தொகுத்த சொற்குவியலின் மீது எழுந்தது. தமிழ் - தமிழ், ஆங்கிலம் - தமிழ், தமிழ் - ஆங்கிலம் என மூவகை அகராதிக்கும் நைட்டு திட்டமிட்டுச் சொற்களைத் திரட்டி, முடிக்காமலே 1840இல் இறந்தார். முதல்வகை, சந்திரசேகர பண்டிதர் துணையுடன் 1842இல் மானிப்பாய் அகராதியாக வந்தது. இரண்டாம் வகை சகலராகிய அச்சிங்சின் கைக்கு வந்தது. மூன்றாம் வகையே வின்சுலோவை அடைந்தது. கப்பலில் உடன்வந்தவர் ஒருவர், மனைவியின் தங்கை கணவர் ஒருவர், தாம் ஒருவர் என அகராதிப் பணி ஒரு வீட்டுக்குள்ளேயே கைமாறியது போன்ற தோற்றத்தை இது தருகிறது.

வின்சுலோ மனைவியின் மறைவுக்குப்பின் அமெரிக்கா சென்று, அவர் வரலாற்றை 1835இல் நூலாக வெளியிட்டு, மறுமணம் செய்துகொண்டு திரும்பினார். 1836இல் சென்னையில் குடியேறினார். பழைய கப்பல் தோழர் இசுகட்டரும் உடன் வந்தார். அடுத்த 28 ஆண்டுகளில் பள்ளிகள், வேதாகமத் தமிழாக்கத் திருத்தம், அச்சுப்பணி எனப் பொறுப்புகள் பெருகின. வீட்டில் இறப்பும் மணமும் மாறிமாறி நிகழ்ந்தன. அகராதி மட்டும் நிற்கவில்லை.

நைட்டின் சேகரத்தை அப்படியே அச்சேற்றியிருந்தால் பணி விரைவில் முடிந்திருக்கும். இலக்கியச் சொற்கள், மருத்துவ மூலிகைகள், சோதிடமும் வானியலும் சார்ந்த கலைச்சொற்கள், புராணப் பெயர்கள், புலவர் பெயர்கள், அலுவல் வழக்குகள் ஆகியவற்றைச் சேர்த்து வின்சுலோ அதனை விரித்தார். இப்பகுதிகள் எவையும் ஆண்டோவரில் கற்றவை அல்ல. இராமாநுச கவிராயர், விசாகப்பெருமாளையர், வீராசாமி செட்டியார் ஆகிய சென்னைப் புலவர்களின் துணை இங்குதான் முதன்மை பெறுகிறது. கவிராயர் சென்னையில் ஐரோப்பியர் பலர்க்குத் தமிழ் கற்பித்தவர்; ஜி. யு. போப்பும் அவருடைய மாணவர். வின்சுலோ இவர்களுக்குக் கடன்பட்டதை நூன்முகத்தில் மறைக்கவில்லை. ஆயினும் முகப்பில் ஒரு பெயரே நின்றது. வழக்கும் அப்பெயரையே பற்றிக்கொண்டது. அச்சகப் பொறுப்பாளர் பி. ஆர். அண்டு செய்த தமிழ் எழுத்துருச் சீர்திருத்தம் இல்லையேல் இத்தனை சொற்கள் ஒரே தொகுதியில் அடங்கியிரா என்பதும் சேர்த்து எண்ணத்தக்கது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதித் திட்டம் வின்சுலோ அகராதியைப் புதுக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்தே கிளைத்தது. 1913இல் அதன் முதற் பதிப்பாசிரியராக அமர்ந்தவர் மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஜே. எஸ். சாண்ட்லர். அவர் பெயரின் முன்னெழுத்துகள் குறிப்பது ஜான் இசுகட்டர் என்னும் பெயரை.

குழந்தையாய் அமெரிக்கா சென்ற மகள் ஹாரியட், ஜான் வெல்சு டல்லசு என்னும் சமயப்பணியாளரை மணந்து, தந்தை இருந்த சென்னைக்கே சில ஆண்டுகள் திரும்பி வந்தார். இவர்தம் பெயரரே பிற்காலத்தில் அமெரிக்க வெளியுறவுச் செயலராயிருந்த ஜான் பாசுடர் டல்லசு. அகராதி வெளிவந்த இரண்டாம் ஆண்டில் நலிவுற்ற வின்சுலோ தாய்நாடு நோக்கிக் கப்பலேறினார். 1864 அக்டோபர் 22 அன்று, தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில், பாதி வழியில் உயிர் நீத்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இசுகட்டர் இறந்ததும் அக்கரையிலேயே.