உரிமை வழி நடந்த இரட்டைமலை சீனிவாசனார்

நம் உறையூருக்குப் பழம்பெருமைகள் இரண்டு உண்டு. சோழர் தலைநகராய் விளங்கிய நாளில் இவ்வூர் அறங்கூறவையம் சங்கப் புலவர்களால் புகழப்பெற்றது ஒன்று. திருப்பாணாழ்வார் தோன்றிய ஊர் இது என்பது மற்றொன்று. பாணர் குலத்தவராதலின் திருவரங்கத்தில் அடிவைக்காது, காவிரியின் தென்கரையில் நின்றே பாடியவர் அவர். லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து சென்ற பின்னரே அரங்கன் சந்நிதியை அடைந்தார் என்பது வழிவழி வரும் வரலாறு. பிறர் தோளேறிச் செல்லும் அருள் வேறு. தம் காலால் நடந்து செல்லும் உரிமை வேறு. அவ்வுரிமைக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த பெருந்தகை திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் ஆவார்.

சீனிவாசனார் 1859 ஜூலை 7 அன்று, செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வாண்டிலேதான் இங்கிலாந்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் அறிஞர் சுதந்திரம் குறித்த தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பிறர்க்குத் தீங்கு நேராத வரையில் தனிமனிதன் வாழ்வில் அரசோ சமூகமோ குறுக்கிடலாகாது என்பது அந்நூலின் சாரம். ஆயினும், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றிய மில், முதிர்ச்சியடையாத சமுதாயங்களுக்கு இக்கோட்பாடு பொருந்தாது என்றும் அதிலேயே எழுதிவைத்தார். இந்தியரையும் அவர் அவ்வரிசையிலேயே வைத்து எண்ணினார். இவ்வாறு வெளியே நிறுத்தப்பட்டவருள்ளும் கடைசியில் நிறுத்தப்பட்ட மக்களிடையே பிறந்த ஒருவர், அதே கோட்பாட்டைத் தம் பட்டறிவால் கண்டடைந்தார்.

கோயமுத்தூர்க் கலாசாலையில் அவர் பயின்றபோது, ஏறத்தாழ நானூறு மாணவருள் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சி அவர் பிறரோடு பழகாது ஒதுங்கியே இருந்தார். அன்று தம் பெயரை மறைத்து வாழ நேர்ந்த அவரே, பின்னாளில் 1893இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். எச்சொல்லால் இழிவு செய்தனரோ அச்சொல்லையே தலைப்பில் நிறுத்தினார். தன்மானமின்றிச் சுதந்திரம் இல்லை என்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு உணர்த்த இயலும்?

அக்காலத்தில், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரஸார் கோரினர். கல்வி ஒரு சிலர் கையிலேயே இருக்கும் நிலையில் அதிகாரமும் அவர்களிடமே சென்று சேரும் என்று கருதிய சீனிவாசனார், மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பத்துடன் எதிர் விண்ணப்பம் அனுப்பினார். தேச விரோதி என்னும் பழிக்கு இடமளிக்கும் செயல்தான் இது. எனினும், பெரும்பான்மையோர் ஆளும் நாட்டில் சிறுபான்மையோர்க்குக் காவல் யாது என்னும் அவரது வினா, மக்களாட்சியை ஆராய்ந்த மில்லையும் வருத்திய வினாவேயாகும்.

பின்னர்க் கடல் கடந்து சென்று, தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றித் தாயகம் திரும்பிய அவர், 1923இல் சென்னைச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டே அவர் கொண்டுவந்த தீர்மானம் அவரது வாழ்வின் மகுடமாகும். பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்கள், பொது அலுவலகங்கள் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அது. சபை அதனை ஏற்றது, அரசாணையும் பிறந்தது. தெருவில் நடப்பதற்கும் ஒரு தீர்மானமா என இன்றைய இளைஞர் வியக்கலாம். அன்று அது இல்லாமையால் அடிபட்டவர் நம் பாட்டன்மார்.

1930, 1931ஆம் ஆண்டுகளில் லண்டன் வட்டமேசை மாநாடுகளில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்து, ஒடுக்கப்பட்டோர்க்கு வாக்குரிமையும் தனித்தொகுதியும் வேண்டி வாதாடினார். 1932இல் கிடைத்த தனித்தொகுதி பூனா ஒப்பந்தத்தால் கைநழுவி, ஒதுக்கப்பட்ட இடங்களாக மாறியது. அவ்வொப்பந்தத்தில் அவரும் கையொப்பமிட்டார். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்த அவர், விடுதலையைக் காணவில்லை. ஆயினும் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் பதினைந்தாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம், சாலை என அதில் வரும் சொற்கள் யாவும் அவர் 1924இல் சட்டசபையில் ஒலித்தவையே.

இளைஞர்களே! ஆண்டுதோறும் பள்ளிச் சேர்க்கை நாளில் நான் காணும் காட்சி ஒன்றுண்டு. சாதிச் சான்றிதழை நீட்டும் தந்தை, ஏதோ யாசிப்பவர்போல் மேசைமுன் குனிந்து நிற்பார். அருகில் நிற்கும் மகனும் அதைப் பார்த்துத் தலை கவிழ்வான். அதனைச் சலுகை என்று பிறர் சொல்லச் சொல்ல, நாமும் சலுகை என்றே சொல்லப் பழகிவிட்டோம். சலுகை கொடுப்போர் மனம் மாறினால் போய்விடும். உரிமையோ கேட்போர் உறுதியால் நிலைப்பது. இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்த்தவே சீனிவாசனார் வாழ்ந்தார்.

நம் சங்கத்தின் இவ்வெள்ளிவிழா ஆண்டில் நாம் ஏற்கத்தக்க உறுதி ஒன்றே. இனி நம் வீட்டுப் பிள்ளை எவனும், எவளும், அந்த மேசைமுன் நிமிர்ந்து நிற்கட்டும்.