வெம்பாக்கம் பாஷ்யம் ஐயங்கார்: மெட்ராஸ் அரசின் முதல் இந்திய வக்கீல்

காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் வெம்பாக்கம் வரும். இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு தாலுகா தலைமையிடம். உத்திரமேரூர்க்காரர்களான நமக்கு அது பக்கத்து வீடு மாதிரி. இந்த ஊர்ப் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட ஒரு குடும்பம் 19-ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் நீதிமன்றங்களில் பெரிய பெயர் வாங்கியது. மெட்ராஸ் சட்டசபையில் இடம்பெற்ற முதல் இந்தியர்களில் ஒருவரான சடகோபாச்சாரியார் அந்தக் குடும்பத்தவர். அவரைவிடப் பெரிய பெயர் எடுத்தவர்தான் சர் வி.பாஷ்யம் ஐயங்கார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாக இருக்கிறார். வழக்கு விஷயமாக அங்கே போய்வந்த நம் குடியிருப்பு நண்பர்கள் சிலர் அவரைக் கடந்துதான் போயிருப்பார்கள், யார் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது அவரைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. ஆட்சி மாறினால் அரசு வக்கீல்களும் மாறுகிறார்கள் என்பதைப் பேப்பரில் பார்க்கிறோம். அரசாங்கம் தனக்கு வக்கீலை எப்படித் தேர்ந்தெடுக்கிறது, அந்த வக்கீல் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி மாலை நடைப்பயிற்சியின்போது நம்மிடையே அடிக்கடி வருகிறது. இதற்குப் பாஷ்யம் ஐயங்கார் வாழ்க்கையில் நிறைய விஷயம் இருக்கிறது.

பிறந்தது 1844 ஜனவரி. மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்து பி.ஏ. வாங்கினார். அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் சர்க்கார் உத்தியோகம் கதவைத் தட்டும். பதிவுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். கிரயப் பத்திரம், அடமானம், பாகப்பிரிவினை என்று மனிதர்கள் சொத்தை வாங்குவதும் விற்பதும் பிரிப்பதும் காகிதத்தில் எப்படி வருகிறது என்பதை அங்கே தினமும் பார்த்திருப்பார். பிறகு பி.எல். முடித்து 1870களின் தொடக்கத்தில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார். இந்து சட்டத்திலும் நிலச் சட்டத்திலும் அவருக்கு நிகரில்லை என்று பேர் வந்தது. பத்திரத்தோடு பழகியவர் என்பதால்தான் அது வந்தது என்பது என் அபிப்பிராயம். வாழ்நாளெல்லாம் வங்கியில் அடமானப் பத்திரம் புரட்டியவன் வேறு எப்படி நினைப்பேன்!

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது உயர் நீதிமன்றத்தில் இரண்டு சாதி வக்கீல்கள். லண்டனுக்குக் கப்பலேறிப் போய் பட்டம் வாங்கியவர்கள் பாரிஸ்டர்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். இங்கேயே பி.எல். படித்தவர்கள் வக்கீல்கள். மரியாதை, பீஸ், பதவி எல்லாவற்றிலும் பாரிஸ்டர்களுக்கே முதலிடம். (1961-ல் வந்த வழக்கறிஞர்கள் சட்டத்துக்குப் பிறகுதான் எல்லோரும் ஒரே வகை அட்வகேட் ஆனார்கள்.)

அரசாங்கத்துக்கும் பலவகை வக்கீல்கள் வேண்டியிருந்தது. கிரிமினல் வழக்கு நடத்தப் பப்ளிக் பிராசிக்யூட்டர். நிலம், வரி, நஷ்டஈடு போன்ற சிவில் வழக்குகளுக்குக் கவர்மென்ட் பிளீடர். இவர்களுக்கெல்லாம் மேலே, அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்லவும் பெரிய வழக்குகளில் நேரில் நின்று வாதாடவும் அட்வகேட் ஜெனரல். இந்த ஏற்பாடு இன்றுவரை பெயர்கூட மாறாமல் நடக்கிறது. அட்வகேட் ஜெனரல் நாற்காலி மட்டும் அப்போது பாரிஸ்டர்களின் சொத்து.

1897-ல் அந்த நாற்காலி காலியானபோது பாஷ்யம் ஐயங்காரை உட்கார வைத்தார்கள். லண்டன் போகாத உள்ளூர் பி.எல்.காரர், நாமம் போட்ட வைணவர், சக்கரவர்த்தினியின் அரசுக்கு வக்கீல். முதல் முறையாக ஓர் இந்தியர். ஆனால் உத்தரவில் ஒரு வார்த்தை இருந்தது: ஆக்டிங். தற்காலிகம். 1898-ல் சார்லஸ் அர்னால்டு ஒயிட் என்ற ஆங்கிலேய பாரிஸ்டர் நிரந்தரமாக வந்தார், இவர் எழுந்துகொண்டார். அடுத்த வருஷமே ஒயிட் தலைமை நீதிபதியாகிவிட்டார். மறுபடியும் இவரை உட்கார வைத்தார்கள், மறுபடியும் ஆக்டிங். 1900-ல் வாலிஸ் என்ற இன்னொரு பாரிஸ்டர் வந்தார். அவரும் பிற்காலத்தில் தலைமை நீதிபதி ஆனார்.

எங்கள் வங்கியில் இதற்கு ஆபீசியேட்டிங் என்று பெயர். ஆபீசர் லீவில் போனால் சீனியர் கிளார்க் அவர் சீட்டில் உட்காருவார். சாவி வாங்குவார், கையெழுத்துப் போடுவார், பொறுப்பு முழுவதும் அவர் தலையில். அதற்கு ஒரு சின்ன அலவன்ஸ். ஆபீசர் திரும்பி வந்ததும் மறுபடி கவுண்டர். அந்த சீட்டுக்குத் தகுதி இருக்கிறது என்று இரண்டு தடவை நிரூபித்த மனிதனைக் கவுண்டருக்கே திருப்பி அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்பது ஆபீசியேட் பண்ணியவர்களுக்குத் தெரியும். பாஷ்யம் ஐயங்காருக்கு 1900-ல் சர் பட்டம் கொடுத்தார்கள். கௌரவம்தான், சந்தேகமில்லை. நாற்காலி மட்டும் இல்லை.

1901-ல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அங்கேதான் என்னை அசர வைத்த விஷயம் நடந்தது. மெட்ராஸில் அரசாங்கத்துக்குப் பீரங்கி வண்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதற்கு நகரத்துக்குள் மரம் கொண்டுவந்தார்கள். மரத்துக்கு முனிசிபாலிட்டிக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று சட்டம். தொழிற்சாலை சூப்பரின்டெண்டென்ட் பெல் என்பவர் தரப்பில் வைத்த வாதம் இதுதான்: இது அரசாங்கத்தின் மரம், சட்டத்தில் அரசாங்கத்தின் பெயரைச் சொல்லாதவரை அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ராஜாவுக்கு யார் வரி போடுவது என்ற பழைய ஆங்கிலேய நியாயம். பாஷ்யம் ஐயங்கார் பழைய வழக்குகள், சட்டங்கள் எல்லாவற்றையும் அலசி நீண்ட தீர்ப்பு எழுதினார். அரசாங்கமும் மற்றவர்களைப் போலக் கட்டத்தான் வேண்டும் என்பது முடிவு. 1902-ஆம் வருஷத்துச் சட்ட அறிக்கைத் தொகுதியில் அது இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்புதான் இதே அரசாங்கத்துக்காக வாதாடியவர். பட்டம் கொடுத்ததும் இதே அரசாங்கம். முனிசிபாலிட்டியோ சின்ன பார்ட்டி. அரசாங்கத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஆச்சரியப்பட யாரும் இல்லை. சாயவில்லை. சுதந்திர இந்தியாவிலும் இந்தக் கேள்வி விடவில்லை. 1960-ல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை நீதிபதிகள் பழைய ராஜாங்க நியாயத்தின் பக்கம் போனார்கள். 1967-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கல்கத்தா கார்ப்பரேஷன் வழக்கில், அதை மாற்றியது. சட்டம் விலக்குக் கொடுத்தாலன்றி அரசாங்கமும் குடிமகனைப் போலக் கட்டுப்பட்டதே என்று சொன்னது. வெம்பாக்கத்துக்காரர் 65 வருஷம் முன்பே காட்டிய திசைதான் அது. வருஷா வருஷம் வீட்டு வரி ரசீதைப் பத்திரப்படுத்தும் நமக்கு இந்த வழக்கில் ஒரு தனி திருப்தி இருக்கத்தானே செய்யும்?

அவர் தோற்ற இடமும் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் ஒருவன் படித்துச் சம்பாதித்தால், குடும்பப் பணத்தில் படித்தான் என்று சொல்லி அந்தச் சம்பாத்தியத்தில் மற்றவர்கள் பங்கு கேட்கலாம் என்று அன்றைய இந்து சட்டம் இடம் கொடுத்தது. இதை மாற்ற மெட்ராஸ் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். பழமைவாதிகள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் கவர்னர் ஒப்புதல் கொடுக்கவில்லை. அதே நோக்கத்தோடு மத்தியச் சட்டம் வந்தது 1930-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

1904-ல் நீதிபதி வேலையை விட்டுவிட்டு மறுபடி வக்கீல் தொழிலுக்கே வந்தார். 1908 நவம்பர் 18-ல் காலமானார். அதற்கு முந்தைய வருஷம் சங்கரன் நாயர் அட்வகேட் ஜெனரல் ஆனார், அவருக்குப் பின் பி.எஸ்.சிவசாமி ஐயர். ஆக்டிங் என்று திறந்த கதவு, அப்புறம் மூட முடியாமல் போய்விட்டது. மருமகன் எஸ்.சீனிவாச ஐயங்கார் 1916-ல் அதே நாற்காலிக்கு வந்தார். 1920-ல், பஞ்சாப் படுகொலையைக் கண்டித்துப் பதவியையும் சி.ஐ.ஈ. பட்டத்தையும் துறந்தார். 1926-ல் கௌஹாத்தி காங்கிரசுக்குத் தலைவரானார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் வேறு ரகம். 1929 முதல் 1944 வரை அந்த நாற்காலியில் இருந்தார். ஜஸ்டிஸ் கட்சி ஆண்டது, ராஜாஜியின் காங்கிரஸ் ஆண்டது, கவர்னர் ஆண்டார், வக்கீல் மட்டும் மாறவில்லை. இன்று இதை நம்புவதே கஷ்டம்.

இப்போது எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? அட்வகேட் ஜெனரலை அரசியல் சட்டத்தின் 165-ஆவது பிரிவுப்படி கவர்னர் நியமிக்கிறார், உயர் நீதிமன்ற நீதிபதியாகத் தகுதி வேண்டும். மாவட்டப் பப்ளிக் பிராசிக்யூட்டருக்கு ஏழு வருஷமாவது அனுபவம் வேண்டும். கலெக்டர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்துகொண்டு பெயர்ப் பட்டியல் தயாரிப்பார். மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் நிற்கும் உதவி அரசு வக்கீல்களை டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை வைத்து எடுக்கிறது. மற்ற நியமனங்களில்தான் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு. 2016-ல் பஞ்சாப், ஹரியானா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, அரசு வக்கீல் பதவி இஷ்டத்துக்குக் கொடுக்கும் பரிசு அல்ல, தகுதி பார்க்க முறையான ஏற்பாடு வேண்டும் என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்னது.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் இதைவிடக் கறாரான விதிகள் ஆயிரம் வருஷமாக இருக்கின்றன. வாரியத்தில் உட்கார வயது 35-லிருந்து 70 வரை, சொந்த மனை, நிலம், படிப்பு. முந்தைய மூன்று வருஷத்தில் பதவியில் இருந்தவர் வரக்கூடாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவர் உறவுக்காரர்களும் கூடாது. பராந்தக சோழன் காலத்தில் பொதுப் பதவிக்கே இத்தனை சல்லடை வைத்திருந்தார்கள்.

வங்கியில் பேனல் வக்கீல் என்று இருப்பார். பீஸ் கொடுப்பது வங்கி, கடன் கொடுத்து டார்கெட் முடிக்கத் துடிப்பது மேனேஜர். பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் கூடாது என்று எழுதித்தர வேண்டியவர் வக்கீல். நல்ல மேனேஜர் அப்படி எழுதும் வக்கீலைத்தான் தேடுவார். மற்றவர் ஆமாம் போடுபவரைத் தேடுவார், வாராக்கடன் வந்த பிறகு ஃபைலைத் தேடுவார். அடுத்த பொதுக்குழுவில் நம் சங்கத்துக்கும் ஒரு வக்கீல் வைப்பது பற்றிப் பேச்சு வரப்போகிறது. யார் பீஸ் குறைவு என்பதோடு, எந்த வக்கீல் நம் செயற்குழுவிடமே முடியாது என்று சொல்வார் என்பதையும் விசாரித்து வைத்தால் நல்லது.