புதுவீட்டுக்காரர் சவேரியார்



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகையில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுத என் முறை வந்தது. நான் நம்ம ஊர்க் குகையில் தங்கியிருந்தாரே, அந்தப் புனித சவேரியாரை எடுத்துக்கொண்டேன். அவர் கதைதான் எல்லாருக்கும் தெரியுமே என்று தாண்டிப் போயிடாதீங்க. அவர் பெயருக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க பார்ப்போம்! போன மாதம் வரை எனக்கும் தெரியாது.

அவருடைய சொந்தப் பெயர் பிரான்சிஸ். சவேரியார் என்பது அவர் பிறந்த இடத்தின் பெயர். ஸ்பெயின் நாட்டின் வடக்கே நவார் என்ற பகுதியில் ஹவியேர் என்று ஒரு சின்ன ஊரும் கோட்டையும் இருக்கின்றன. அந்தப் பக்கத்துப் பழைய மொழி பாஸ்க். அதில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புது. இரண்டும் சேர்ந்து, தேய்ந்து தேய்ந்து அந்தப் பெயர் வந்தது. அதாவது புதுவீடு! இப்போது ஸ்பெயின்காரர்கள் ஹவியேர் என்கிறார்கள். போர்த்துக்கீசியர் ஷவியேர் என்பார்கள். நமக்கு அவர்கள் வழியாக வந்ததால் சவேரியார் ஆகிவிட்டது.

வெள்ளைக்காரர்களிலும் இப்படி ஊர்ப்பெயரை வைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. நம்ம அறிவியல் புத்தகத்தில் வரும் நியூட்டன் பெயருக்குப் புது ஊர் என்று பொருள். நம்ம பக்கத்தில் என்றால் புதூர்க்காரர் என்று சொல்லியிருப்போம்.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்றால் எங்களையும் ஊரில் புதுவீட்டுக்காரங்க என்றுதான் சொல்வாங்க. பாட்டியின் அப்பா ஓட்டு வீடு கட்டினபோது வந்த பெயர். இப்போ எங்க தெருவிலேயே பழைய வீடு அதுதான்! ஆனாலும் மீன் கொண்டு வருகிற அக்கா, புதுவீட்டுப் பேத்தி என்றுதான் என்னைக் கூப்பிடுவாங்க. வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து இருக்கு. தெருவில் அம்மா வீட்டுப் பெயர்தான்.

சவேரியாருக்கும் அப்படியே. அவர் 1506 ஏப்ரல் 7-இல் பிறந்தார். அப்பா ஹுவான் தெ ஹாஸ்ஸோ, அரசருக்கு ஆலோசனை சொல்லும் பெரிய அதிகாரி. அம்மா மரியா தெ அஸ்பில்குவேத்தா. கோட்டை அம்மா வழியில் வந்தது. அண்ணன்மார் இரண்டு பேரில் மூத்தவர் மிகேல் தெ ஹவியேர், அடுத்தவர் ஹுவான் தெ அஸ்பில்குவேத்தா. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வேறு பெயர்! நம்ம ஊர் என்றால் சான்றிதழ் வாங்க எத்தனை தடவை அலைந்திருப்பாங்களோ.

1512-இல் ஸ்பெயின் அரசர் பெர்டினாண்டின் படை நவாரைப் பிடித்துக்கொண்டது. 1515-இல் அப்பா இறந்தார். அடுத்த வருடம் நவார்க்காரர்கள் கலகம் செய்தார்கள் என்று, அந்தக் கோட்டையை இடிக்க உத்தரவு வந்தது. வெளிச்சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, பெரிய கோபுரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். குடியிருக்கும் பகுதி மட்டும் மிச்சம். அப்போ அவருக்குப் பத்து வயது. அஞ்சாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நின்று பார்த்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு என்னமோ போல இருக்கு.

1525-இல் பாரிசுக்குப் படிக்கப் போனார். பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. பாரிசில் இஞ்ஞாசியார் நண்பரானார். 1534-இல் நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து, ஏழைகளாக வாழ்ந்து இறைப்பணி செய்வதாக உறுதி எடுத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் இயேசு சபை. 1541-இல் லிஸ்பனில் கப்பல் ஏறினார், 1542 மே 6-இல் கோவா வந்து சேர்ந்தார். அதே வருடம் நம்ம முத்துக்குளிக்கிற கடற்கரைக்கு வந்தார். தமிழ் தெரிந்தவர்களை வைத்து செபங்களைத் தமிழில் மாற்றி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

எனக்குப் பிடித்த சம்பவம் 1544 ஜூனில் நடந்தது. வடுகர் படை வந்து குமரிமுனைப் பக்கத்து மக்களைக் கொள்ளையடித்தது. சனங்கள் கடலுக்குள் இருக்கிற பாறைகளில் ஏறி, சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார்கள். சவேரியார் நம்ம மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் சாப்பாட்டுச் சாமான்களோடு கிளம்பினார். ஆனி மாசக் காற்று விடுமா? தோணிகள் போக முடியாமல் இங்கேயே திரும்பின. அவர் சும்மா இருக்கவில்லை, கரை வழியாக நடந்தே போனார். வீடு போன கஷ்டம் அவருக்கும் தெரியும்தானே.

அப்புறம் மலாக்கா, 1549-இல் ஜப்பான் என்று போய்க்கொண்டே இருந்தார். சீனாவுக்குள் போகக் காத்திருந்தபோது, சாங்சுவான் தீவில் ஒரு குடிசையில் காய்ச்சல் கண்டு 1552 டிசம்பர் 3-இல் இறந்தார். வயது 46. உடல் கோவாவில் இருக்கிறது. 1622-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். பாதி இடிந்த அந்தக் கோட்டையை முந்நூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் சரிசெய்தார்கள். அதற்குள் அந்த வீட்டின் பெயர் சேவியர், சவரிமுத்து, சவரியம்மாள் என்று நம்ம கடற்கரை முழுக்கப் பரவிவிட்டது. எங்க தெருவில் மட்டும் மூணு சேவியர்!

எங்க புதுவீட்டையும் இந்தக் கோடை விடுமுறையில் இடிக்கப் போகிறார்கள். மாமா மாடி வைத்துக் கட்டப் போறாங்க. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. வாசப்படிக் கல்லை மட்டும் உடைக்காமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க.