உலைக்களத்தில் எழுந்த உரிமைக்குரல்

உழைப்பின் விலையை முடிவு செய்பவர் யார்? உழைப்பவரா, உழைப்பைப் பெறுபவரா, அன்றிச் சட்டமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் மேரி மெக்கார்தர்.

கணக்கரின் மனமாற்றம்

மேரி 1880ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை துணி வணிகர். அவருடைய கடையில் மேரி கணக்கெழுதி வந்தார். 1901இல் கடைப் பணியாளர் சங்கக் கூட்டம் ஒன்றுக்கு, அதனைக் குறைகூறி எழுதும் நோக்குடன் சென்றார். அங்கு ஜான் டர்னர் ஆற்றிய உரை அவர் உள்ளத்தை மாற்றியது. குறைகாணச் சென்றவர் சங்கத்தின் உறுப்பினரானார். 1903இல் லண்டன் சென்று பெண்கள் தொழிற்சங்கக் கழகத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத தொழிற்சங்கங்கள் பல இருந்த காலம் அது. எனவே, 1906இல் தேசியப் பெண் தொழிலாளர் கூட்டமைப்பை நிறுவினார்.

கூலி குறைந்தது ஏன்?

இங்கிலாந்தின் கிராட்லி ஹீத் என்னும் ஊர் இரும்புச் சங்கிலிகளுக்குப் பெயர்பெற்றது. கனமான சங்கிலிகளை ஆண்கள் தொழிற்சாலைகளில் செய்தனர். சிறிய சங்கிலிகளைப் பெண்கள் தம் வீட்டுப் பின்புறத்து உலைகளில் அடித்தனர். வாரத்திற்கு ஐம்பது மணி நேரத்திற்கு மேல் சம்மட்டி பிடித்தும் அவர்கள் பெற்றது ஏறத்தாழ 5 ஷில்லிங் மட்டுமே.

திறன் குறைவு இதற்குக் காரணமன்று. ஆண்களுக்குச் சங்கம் இருந்தது. பெண்கள் தனித்தனி உலைகளில் சிதறிக் கிடந்தனர். இடைத்தரகர் கம்பியைக் கொடுத்துச் சங்கிலியைப் பெற்றுச் செல்வார். ஒருத்தி கூலி போதாதென்று மறுத்தால், அப்பணி அடுத்த வீட்டிற்குச் செல்லும். வேறு வேலை தேடி ஊரைவிட்டுப் போகவும் குடும்பப் பொறுப்பு இடம் தராது. பெண்ணின் வருவாய் கணவனின் வருவாய்க்குத் துணைதானே என்னும் எண்ணமும் கூலியைத் தாழ்த்தியது. பேரம் பேசும் வலிமை இல்லாத இடத்தில் உழைப்பு மலிவாகிறது என்பதை மேரி உணர்ந்தார்.

சட்டமும் சங்கமும்

மேரியும் பிறரும் மேற்கொண்ட இயக்கத்தின் பயனாக 1909இல் தொழில் வாரியச் சட்டம் நிறைவேறியது. குறைந்த கூலி நிலவிய நான்கு தொழில்களை அது முதலில் எடுத்துக்கொண்டது. அவற்றுள் சங்கிலித் தொழிலும் ஒன்று. 1910இல் சங்கிலி செய்யும் பெண்களுக்கு மணிக்கு 2½ பென்னி குறைந்தபட்சக் கூலியாக அறிவிக்கப்பட்டது. 54 மணி நேர வாரத்திற்கு இது 11 ஷில்லிங் 3 பென்னி ஆகும். முன்னர்ப் பெற்றதைப் போல இரு மடங்கு.

ஆனால், தொழிலாளர் எழுத்து மூலம் இசைந்தால் ஆறு திங்களுக்குப் பழைய கூலியையே தரலாம் என்றொரு விலக்கு சட்டத்தில் இருந்தது. முதலாளிகள் பலர் அதனைப் பயன்படுத்தினர். எழுத்தறியாப் பெண்கள் பொருள் புரியாமலே இசைவுத் தாளில் ஒப்பமிட்டனர். ஏட்டில் உயர்ந்த கூலி கைக்கு எட்டவில்லை.

1910 ஆகஸ்டில் பெண்கள் சம்மட்டியைக் கீழே வைத்தனர். கூலி இழந்தோர் பசியால் பணிந்துவிடாதிருக்க, மேரி நாடெங்கும் நிதி திரட்டினார். நாளிதழ்கள் வழியாகவும், அந்நாளில் புதுமையாயிருந்த திரைச்செய்திப் படத்தின் வழியாகவும் அப்பெண்களின் நிலையை மக்கள் அறியச் செய்தார். ஏறத்தாழ 4,000 பவுன் சேர்ந்தது. முதலாளிகள் ஒருவர்பின் ஒருவராகப் புதிய கூலிக்கு இசைந்தனர். பத்து வாரங்களுக்குப் பின், அக்டோபர் 22 அன்று போராட்டம் வெற்றியுடன் முடிந்தது. எஞ்சிய நிதியைக் கொண்டு எழுப்பப்பட்ட தொழிலாளர் மன்றம் 1912இல் திறக்கப்பட்டது.

நிறைவுறாப் பணி

முதல் உலகப் போரின்போது பெண்கள் படைக்கலத் தொழிற்சாலைகளில் பெருந்திரளாகச் சேர்ந்தனர். ஆண்கள் செய்த அதே வேலையைச் செய்யும் பெண்ணுக்கு அதே ஊதியம் தரவேண்டும் என்று மேரி வாதாடினார். 1918 நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். 1921 சனவரி முதல் நாள் புற்றுநோயால் மறைந்தபோது அவருக்கு வயது நாற்பதுதான். பிரித்தானியாவில் சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டதோ 1970இல்.

சட்டம் கூலியின் அளவைக் கூறும். அதனைக் கேட்டுப் பெறும் வலிமை உழைப்பவரின் ஒற்றுமையிலேயே பிறக்கும். உலைக்களத்துப் பெண்களுடன் நின்று மேரி நிலைநாட்டிய உண்மை இதுவே.