தன்னையே பாலமாக்கிய நங்கை

கண்டி மாநகரை அடுத்த தெகல்தொருவக் குகை விகாரையைக் கண்டோர், அதன் சுவர்களில் தீட்டப்பெற்ற புத்த சாதகக் கதைகளை எளிதில் மறவார். பிறர்பொருட்டுத் தன்னை ஈதலே அக்கதைகளின் உயிர்நிலை. நம் சிபிச் சக்கரவர்த்தியும் ததீசி முனிவரும் காட்டிய நெறியும் அதுவே. அத்தகைய கதைகளைச் சிறுவர்க்கென எழுதிப் பின்னர் அந்நெறியிலேயே உயிரை ஈந்த நூர் இனாயத் கான் என்னும் நங்கையின் வரலாற்றை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நூர் 1914 ஜனவரி முதலாம் நாள் மொஸ்கோவிற் பிறந்தார். தந்தையார் பரோடாவைச் சேர்ந்த இசைவாணர். திப்பு சுல்தானின் வழித்தோன்றல். சூஃபி ஞானநெறியை மேனாடுகளிற் பரப்பியவர். தாயார் அமெரிக்க மாது. குடும்பம் பாரிஸ் நகரின் அயலில் வாழ்ந்தது. 1927இல் தந்தையார் மறையவே, 13 வயதே நிரம்பிய நூர், துயரில் மூழ்கிய தாயாருக்கும் இளையோர் மூவருக்கும் பற்றுக்கோடானார். சொர்போன் பல்கலைக்கழகத்திற் குழந்தை உளவியல் பயின்றார்; வீணையும் மீட்டினார். 1939இல் இவர் எழுதிய இருபது சாதகக் கதைகள் இலண்டனில் நூலாக வெளிவந்தன. தன் உடலையே பாலமாக்கித் தன் இனத்தைக் காத்து மாண்ட வானர அரசன் கதையும் அவற்றுள் ஒன்று.

1940இல் பிரான்சு வீழ்ந்தது. கொல்லாமையைத் தந்தையார்பாற் கற்ற நூர், கொடுமையைக் கண்டு வாளாவிருத்தலும் அறமன்று எனத் துணிந்தார். இங்கிலாந்து சென்று விமானப்படையின் மகளிர் பிரிவிற் சேர்ந்து, கம்பியில்லாத் தந்தித் தொழிலைக் கற்றார். 1943 ஜூனில், ஓர் இரவு, சிறு விமானமொன்று அவரைப் பிரான்சில் இறக்கிச் சென்றது. பகைவர் பிடியிலிருந்த அந்நாட்டுக்கு அனுப்பப்பெற்ற முதற் பெண் தந்தியாளர் அவரே.

சில நாளில் உடனுழைத்தோர் பலர் சிறைப்பட்டனர். மீண்டு வருமாறு இலண்டன் பணித்தும் நூர் இணங்கவில்லை. தாம் அகன்றால் பாரிசிலிருந்து செய்தி அனுப்ப எவருமிலர் என்பதே காரணம். கருவியைச் சுமந்து இடம் மாறி மாறி, மூன்று திங்களுக்கு மேலாகத் தனித்து நின்று பணிபுரிந்தார். ஒக்டோபரிற் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். அனுப்பிய செய்திகளின் படிகளை அவர் அழியாது வைத்திருந்தமை பகைவர்க்கு உதவிற்று. வரலாறு கூறுவோர் இதனை மறைத்தல் தகாது. ஆயினும் எவரையும் அவர் காட்டிக்கொடுத்தாரல்லர். இருமுறை தப்ப முயன்றமையால் ஜேர்மனியிற் பத்துத் திங்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார். 1944 செப்டெம்பர் 13ஆம் நாள், டாஹாவ் முகாமில், வேறு மூன்று பெண்களுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பொழுது வயது முப்பதே. பிரான்சு 1946இலும், பிரித்தானியா 1949இல் ஜோர்ஜ் சிலுவை அளித்தும் அவரைப் போற்றின.

அதே 1944இல் நம் பேராதனைப் பூங்காவிலும் போர்த் தலைமையகம் ஒன்று இருந்தது. அப்போரில் மாண்ட பன்னாட்டு இளைஞர் கண்டிப் போர் மயானத்தில் துயில்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. நூருக்கோ கல்லறையுமில்லை. மாணவர்காள்! கதையைக் கற்றல் எளிது; கற்ற கதையாகவே வாழ்தல் அரிது. அவ்வரிய செயலைச் செய்தவர் நூர்.