தென்கடலை அடைத்த லெலி

நீர் பாயாவிடின் பயிர் இல்லை. நீர் வடியாவிடினும் பயிர் இல்லை. இவ்வுண்மையை நன்குணர்ந்த நாடு ஒல்லாந்து. கடல்மட்டத்திற்குத் தாழ்ந்த நிலம் மிகுந்த அந்நாட்டில் ஒருவன் வயலின் வடிநீர் அயலான் வயலைக் கெடுத்தல் எளிது. ஆதலின், கரையும் வடிகாலும் காக்கும் நீர்வாரியங்களை அந்நாட்டார் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே அமைத்துக் கொண்டனர். அம்மரபில் தோன்றிய கார்னெலிஸ் லெலி என்னும் பொறியியலறிஞரின் வரலாற்றை ஈண்டு யாம் சுருங்கக் கூறுவோம்.

லெலி 1854 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரிற் பிறந்தார். டெல்ஃப்ட் நகரிற் பொறியியல் பயின்று 1875 இல் தேர்ச்சியுற்றார். அக்காலத்தே தென்கடல் எனப் பொருள்படும் சைடர்சே என்னும் உவர்க்கடல் நாட்டின் நடுவே புகுந்து கிடந்தது. புயற்காலத்திற் கரையுடைத்து ஊர்களை அழித்தது. அதனை அணையால் அடைத்து, ஒரு பகுதியை விளைநிலமும் எஞ்சியதை நன்னீர் ஏரியும் ஆக்கலாம் என்று லெலி 1891 இல் திட்டம் வகுத்தார். அவ்வாண்டே அமைச்சர் பதவியும் எய்தினார்.

எனினும் திட்டம் எளிதில் நிறைவேறிற்றில்லை. செலவுக்கு அஞ்சினோர் பலர். கரையூர் மீனவர் தம் பிழைப்புக் கெடும் என வருந்தினர். 1901 இல் அவர் கொணர்ந்த மசோதா, அமைச்சரவை மாறியதும் கைவிடப்பட்டது. அவர் மனந்தளர்ந்திலர். 1902 முதல் 1905 வரை சூரினாமில் ஆளுநராயிருந்து மீண்டு, 1913 இல் மூன்றாம் முறை அமைச்சரானார். 1916 சனவரியிற் பெருவெள்ளம் நேர்ந்தது. உலகப்போரால் உணவும் குறைந்தது. அதன்பின் 1918 சூன் 14 ஆம் நாள் சட்டம் நிறைவேறிற்று. மீனவர்க்கு உதவும் தனிச்சட்டம் 1925 இல் பிறந்தது. ஆயினும் பலர் தலைமுறைத் தொழிலை இழந்தனர் என்பதை மறைத்தல் முறையன்று.

லெலி 1929 இல் மறைந்தார். 1932 மே 28 அன்று, 32 கிலோமீட்டர் நீண்ட பேரணையின் இறுதி வாய் அடைபட்டதை அவர் கண்டிலர். ஐசல் ஆறு நன்னீர் சொரிந்தது. மதகுகள் மிகுநீரைக் கடலுக்குப் போக்கின. சில ஆண்டுகளில் உவர் நீங்கி ஐசல்மேர் என்னும் ஏரி தோன்றிற்று. 1930 இல் நீரிறைத்து உலர்த்திய வீரிங்கர்மேர் நிலத்தில் வடிகால் வெட்டினர். மழைநீர் மண்ணின் உப்பைக் கழுவி அவ்வழியே கொண்டுபோயிற்று. அதன் பின்னரே நிலம் நல்விளைவு தந்தது. அந்நிலத்து நீரை வெளியேற்றும் நிலையமொன்று லெலியின் பெயர் தாங்கி நிற்கின்றது. பின்னர் உலர்த்திய பிறிதொரு நிலத்தெழுந்த லெலிஸ்டாட் நகரும் அவர் பெயரையே உடையது.

அன்பர்காள்! திட்டம் வரைந்தவர் ஒருவரே. அதனை நிலைநாட்டியவர் பலர். பொறியாளர் கணக்கும், நாட்டுமன்றத்தின் இசைவும், அரசின் பொருளும், வாரியங்களின் காவலும் ஒன்றுகூடின, உவர்நீர் நன்னீராயிற்று. இவற்றுள் ஒன்று குறையினும் லெலியின் திட்டம் ஏட்டளவில் நின்றிருக்கும். ஓடும் நீருக்கு ஊரெல்லை இல்லை. அதனைக் காப்போர் மனத்தும் அவ்வெல்லை இருத்தலாகாது என்பதே யாம் இவர்பாற் கற்கும் பாடம்.